பாட்டுக்குள் ஓடும் ஃப்ரிட்ஜ்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், வீட்டுக்காரர், மகள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முட்டி வலி தேவலையா?

ஏன் போனை எடுப்பதே இல்லை? அடித்து அடித்து அலுத்துவிட்டேன். தப்பித் தவறி எடுத்தாலும் "ம்... ம்... சரி, அப்புறம் பேசறேன்" என்று அண்ணி கையில் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாய். என் மேல் கோபமா? இருந்தால் நாலு திட்டு திட்டிவிடு, மனசில் வைத்துக்கொள்ளாதே. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "பாட்டைத் தபால்ல அனுப்பற ஆளு. ஒரு கடுதாசி போட்டுப் பாரேன், பதிலும் தபால்லயே வரும்." பேனா பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

பென் டிரைவ் வந்து சேர்ந்தது. கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே ஹெட்போனில் கேட்டேன். இரண்டாவது சரணம் முடிந்து கிடார் வந்து விழுகிறதே, அந்த இடத்தில் என்னை அறியாமல் தலையாட்டி, கையிலிருந்த லென்ஸைக் கீழே போட்டேன். முதலாளியம்மா முறைத்தார். ஐம்பது தாண்டிய பெண்பிள்ளை ராக் கேட்டுத் தலையாட்டுவதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்!

வழக்கம்போல எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே நின்று என் பங்கைப் பாடி, அதே பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். நம் ஆல்பம் இந்த வருஷமாவது முடியுமா, இல்லை என் மகள் பாட்டியாகும்போதுதானா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள்.

இங்கே ஒரு குறையும் இல்லை. உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

கோபமாவது கத்தரிக்காயாவது! போன் என்ற சாமானே எனக்கு ஆகாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தகர டப்பாவுக்குள் எலி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதில் உன் குரலைக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். இனிமேல் கடிதமே போடு. நம் கதையே தபாலும் டேப்பும்தானே.

ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவுக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வாயோடு வாய் வைத்த மாதிரி வைத்து, கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே. அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பதிவை நிறுத்தும் பொத்தானை அமுக்குவது உன் வேலை. ஒரு தடவை நீ தும்மித் தொலைத்தாய். அந்தத் தும்மலோடுதான் அந்தப் பாட்டு எனக்குப் பாடம். பின்னால் நிஜமான இசைத்தட்டில் கேட்டபோது, தும்மல் வர வேண்டிய இடத்தில் வராமல் பாட்டு மொட்டையாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லூரி விழாவில் எங்கள் குழு மேடையேறி, இரண்டாவது பாட்டில் முதல்வரே ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாரே, அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

இன்றைக்கும் அதே பைத்தியம்தான். சாமான் அறைச் சுவரெல்லாம் கம்பளி; துடைப்பக் கட்டையில் மைக். பதிவு செய்வதற்கு முன் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவேன். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவேன். அந்தக் கிழ ஃப்ரிட்ஜ், கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சுக் குரலில் பாடிக்கொண்டே இருக்கும். அது மைக்கில் ஏறிவிட்டால் பாட்டு பாழ். திரும்ப பிளக்கை மாட்ட மறந்து எத்தனை முறை பால் திரிந்து, உன் அண்ணி எத்தனை முறை அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள் என்பது உனக்குத் தெரியும்.

ஒன்று சொன்னால் முகத்தைத் தூக்கக் கூடாது. இந்த முறை உன் குரல் சோர்ந்து கிடக்கிறது. வாயைத் திறந்து பாடு. இப்போதெல்லாம் ஊரே முணுமுணுக்கிறது. செய்தி வாசிக்கிறவள் முணுமுணுக்கிறாள், உன் அண்ணி முணுமுணுக்கிறாள். பட்டறையில் விசில் தம்பியும் அப்படித்தான். நான் கிரேன் கூண்டில் மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழே நின்று கை காட்டுகிறவன் அவன். இரும்புத் தகடு நடுவில் வந்து அவனை மறைத்துவிட்டால் விசிலால்தான் பேச்சு; நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்து என்று அர்த்தம். அதை ஊதாமல் மிட்டாய் மாதிரிச் சப்பிக்கொண்டிருக்கிறான்! தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறதோ.

புதுப் பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்து, பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். கேட்டுவிட்டு எழுது. உடம்பு பத்திரம்.

உன் அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், மகளுக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் நலத்துக்கு எழுது.

பாட்டு கேட்டேன். மெட்டு அருமை. பேஸ் கிடார் நடக்கிற நடைக்கே உன் கையில் முத்தம் கொடுக்கலாம். ஆனால் டிரம்ஸில் அந்தச் சிம்பல் தட்டு ஏன் இப்படிக் குத்துகிறது? மகள் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா யாரையாவது அடிக்கப் போறாரா?" என்று கேட்டாள். என் குரலையும் தூக்கிக் கூரை மேல் வைத்திருக்கிறாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று யாரோ கத்துகிற மாதிரி இருக்கிறேன்.

இன்னொன்று. பாட்டு முழுக்க, நடுவில் எல்லா வாத்தியமும் நிற்கிற இடத்தில்கூட, ஃப்ரிட்ஜ் கேட்கிறது அண்ணா. அதே கீச்சு. முதலில் என் வீட்டு ஃப்ரிட்ஜோ என்று போய்ப் பார்த்தேன். பிறகு கடையில் கேட்டேன், பேருந்தில் கேட்டேன். உன் ஃப்ரிட்ஜ்தான். பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டாயா? நீ பெண்டாட்டி பிறந்த நாளை மறப்பாய், இதை மறக்க மாட்டாயே.

அவசரமில்லை. இன்னொரு முறை போட்டுக் கேட்டுப் பார்.

தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

நலம். சளிக்குச் சுடுதண்ணீர் குடிக்கச் சொல்.

கேட்டேன். ஒரு கீச்சும் இல்லை. உன் ஹெட்போன் பழசு, மாற்று. அப்படியே ஃப்ரிட்ஜ் கேட்டாலும் அது நான் வேண்டுமென்றே விட்டதுதான். வீட்டில் பதிவு செய்த பாட்டில் வீடு கேட்க வேண்டாமா? ராக் என்றால் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். மெத்தையில் படுத்துக்கொண்டு கேட்க வேண்டுமானால் தாலாட்டு கேள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முட்டி எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

இந்தக் கடிதத்தை அண்ணாவிடம் காட்ட வேண்டாம். "இல்லவே இல்லை" என்றும் "வேண்டுமென்றே விட்டேன்" என்றும் ஒரே மூச்சில் எனக்கு எழுதியிருக்கிறார். சின்ன வயசில் என் சைக்கிளை உடைத்தபோதும் இப்படித்தான் இரண்டு பதில் சொன்னார். அங்கே என்ன நடக்கிறது அண்ணி? இரண்டு ராத்திரியாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் மகளுக்குச் சளி விட்டதா? என் முட்டிக்கு என்ன, அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன்.

நீயே கேட்டதால் எழுதுகிறேன். எனக்கும் சொல்ல ஆள் இல்லை.

கொஞ்ச மாதமாக வீட்டில் பால் திரிவதே இல்லை. உன் அண்ணன் பதிவு செய்கிற நாளில் ஃப்ரிட்ஜ் பக்கமே போவதில்லை. அப்பாடா, மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே போய், "ஃப்ரிட்ஜ் ஓடுதே, பரவாயில்லையா?" என்றேன். நின்று என் முகத்தையே பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜ் மேல் கையை வைத்தார். கை வைத்துப் பார்த்துத்தான் அது ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். அழைப்பு மணி அடித்தால் அசைய மாட்டார். நான் எதிரே நின்று பேசினால் பதில் வரும். முதுகுக்குப் பின்னால் பேசினால் வராது. "நான் சொல்றதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு" என்று எத்தனை வருஷம் அவரைத் திட்டியிருப்பேன்! இப்போது அந்த வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறது.

இது மட்டும் என்றால் நானே சமாளித்துக்கொள்வேன். போன மாதம் கடைத்தெருவில் விசில் தம்பியின் மனைவியைப் பார்த்தேன். பட்டறையில் ஒரு நாள் அந்தத் தம்பி நிறுத்தச் சொல்லி விசில் ஊதியும் இவர் நிறுத்தவில்லையாம். கிரேனில் தொங்கிய தகடு ஆடிவந்து அந்தத் தம்பியின் தலைக்கவசத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. "ஒண்ணும் ஆகலைக்கா, விடுங்க" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அவன் ஊதினது லேட்டு" என்று கத்தினார். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கிடார் சத்தமே வரவில்லை. டாக்டரிடம் போனால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், அதோடு "இனிமே பாட்டு கீட்டு எல்லாம் வேண்டாம்" என்றும் சொல்லிவிடுவார்கள் என்று பயம். முதல் பயம் சின்னது, இரண்டாவதுதான் பெரிசு. எனக்குத் தெரியாதா அவரை?

நான் எழுதியது தெரிந்தால் என்னோடு பேசவே மாட்டார். நீ பார்த்து ஏதாவது செய்.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். மகளுக்குச் சளி போய்விட்டது. நீ சுகமா என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிப்பார்கள். கேட்டால், "இப்பல்லாம் எழுத்தைச் சின்னதா போடறாங்க" என்பார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டதும், அச்சடித்தவன் நல்லவனாகிவிடுவான். நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஊரே முணுமுணுக்கிறது என்று நீ எழுதியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா. செய்தி வாசிக்கிறவள், அண்ணி, நான், விசில் தம்பி, இத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசி வைத்துக்கொண்டா குரலைக் குறைப்போம்? நான் எப்போதும் போலத்தான் பாடினேன். தொண்டை வலிக்கப் பாடினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காதைப் பரிசோதித்துக்கொள். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சேர்ந்து போவோம். பாட்டு போய்விடும் என்று பயப்படாதே. அப்படியே போனாலும், உனக்குக் கீழே ஒரு மனுஷன் நிற்கிறான். அவனுக்கு வீடு, வாசல் இருக்கிறது.

கோபப்படாமல் பதில் போடு.

தங்கை


மே 16

தங்கைக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன், நீங்கள் விட்டால்.

நீயும் உன் அண்ணியும் சேர்ந்து எனக்கு மூக்கணாங்கயிறு போடப் பார்க்கிறீர்களா? யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று எனக்குப் புரியாது என்று நினைப்பா? என் காது என் தலையில்தான் இருக்கிறது, உன் கடை மேசையில் இல்லை.

பட்டறையைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும்? கூண்டில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். கண் என்று ஒன்று இருக்கிறது. விசில் தம்பியின் கையைப் பார்த்து ஓட்டுகிறேன். முன்பெல்லாம் தகடு மறைக்கும், அவன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. இப்போது எப்போது குனிந்தாலும் கை பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு ஏதோ நடந்தது என்கிறீர்களே, அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கிறதா? போய்க் கேட்டுப் பார். இதற்கு விசிலும் வேண்டாம், உன் பரிசோதனையும் வேண்டாம்.

நீ வர வேண்டாம். பாட்டை இன்னொரு பென் டிரைவில் போட்டு அனுப்பிவிட்டேன். அதில் உன் குரல் இல்லை, எடுத்துவிட்டேன். அது இல்லாமலே பாட்டு நன்றாக இருக்கிறது.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம்தான். உங்கள் நலத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

நீ அனுப்பியதை ஒரே ஒரு தடவை கேட்டேன். நான் பாடுகிற இடங்களில் வெறும் இடைவெளி விட்டிருக்கிறாய். இன்னொரு குரல் போடவில்லை, கிடாரும் வைத்து நிரப்பவில்லை. நன்றாகத் திட்டலாம் என்றுதான் கேட்க உட்கார்ந்தேன். முடியவில்லை.

குரலை எடுத்ததற்கு எனக்குக் கோபமில்லை. உனக்குக் கேட்காததைத்தானே எடுத்தாய். ஆனால் தினமும் வேலைக்கு நடக்கும்போது ஒரே நினைப்பாக இருக்கிறது. உன்னைப் பற்றி மட்டும் இல்லை, நான் முகம்கூடப் பார்த்திராத அந்தத் தம்பியைப் பற்றியும். ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

தங்கை


ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் அண்ணி சௌக்கியம். என்னைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்தேன்.

போன வாரம் டீ நேரத்தில் கூண்டிலிருந்து இறங்கினேன். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் விசில் தம்பியை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். அவன் தலையைக் குனிந்து நின்றான். என்ன விஷயம் என்று வெல்டிங் ஆளிடம் கேட்டேன். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். சரக்கு நகரும்போது அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கொக்கி நழுவினாலோ சங்கிலி அறுந்தாலோ விழுகிற இடம் அது. விசில் தம்பி மாதக்கணக்காகக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறானாம். எத்தனை சொல்லியும் கேட்கவில்லையாம். இன்னொரு தடவை பார்த்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக அவனிடம் போனேன்.

"பைத்தியமாடா உனக்கு? தகடு உன் மேல விழுந்தா நசுங்கிப் போயிடுவ. வெளிய நிக்கறதுக்கு என்ன கேடு?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ஆட்கள் கொஞ்சம் நகரட்டும் என்று காத்திருந்தான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"வெளிய நின்னா தகடு மறைச்சு நான் உங்களுக்குத் தெரிய மாட்டேண்ணே. விசில் ஊதினாலும் உங்களுக்குக் கேக்காது."

அவன் முகத்தில் கோபம் இல்லை. குறை சொல்கிற தொனியும் இல்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். "ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உங்களை இறக்கிடுவாங்களே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றான்.

கை பளிச்சென்று தெரிகிறது, ஒரு கீறல்கூட விழவில்லை என்று உனக்கு மார்தட்டி எழுதினேனே. எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தினமும் சாவுக்குக் கீழே வந்து நின்றிருக்கிறான் ஒருவன். நான் மேலே உட்கார்ந்துகொண்டு அடுத்த பாட்டுக்கு மெட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். கிடாரைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, அவன் தலையை இன்னொரு தட்டில் வைத்திருந்திருக்கிறேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டீயைக்கூடக் குடிக்கவில்லை. மேற்பார்வையாளர் அறைக்குப் போய், "எனக்குக் காது கேக்கல. கிரேன்ல ஏற மாட்டேன். அந்தத் தம்பி மேல தப்பில்லை" என்றேன். வாயைத் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஏதோ நீளமாகப் பேசினார். பாதிதான் புரிந்தது. மறுநாளே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்கள் எல்லாம் போய்விட்டனவாம், போனது திரும்பாதாம். காதில் கருவி மாட்டினால் பேச்சு தேறும், பாட்டு எப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போது எனக்குப் பட்டறைச் சாமான் கிடங்கில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. பயமாகத்தான் இருக்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், உன் அண்ணி அதட்டினால் உட்காருகிறேன், திரும்ப எழுந்து நடக்கிறேன்.

நேற்று சாயங்காலம் விசில் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், போய் உட்கார்ந்து கொடுத்த காபியைத்தான் குடித்தேன். அவன்தான் இதையும் அதையும் பேசிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அவன் மனைவி வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

முன்பு மாதிரியாக இருந்தால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். நேற்று, "எனக்குக் கேக்கலம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரக்கச் சொன்னாள். "இந்த ஒரு வாரமாத்தாண்ணே, அவரு வேலைக்குக் கிளம்பும்போது நான் அழல."

உன் அண்ணன்